ஆயிரத்துக்கு எதிரே அறுநூறு: இடைக்காலப் போர் விளையாட்டில் படை மோதும் விதிகள்

ஒரு பக்கம் 1000 வீரர்கள், எதிர்ப்பக்கம் 600 பேர். ஆயுதம், பயிற்சி, நிற்கிற தரை எதிலும் வித்தியாசம் இல்லை. ஒரு பக்கம் அடியோடு அழியும்வரை சண்டை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் பெரிய படையில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

கேட்ட உடனே 400 என்று சொல்லத் தோன்றும். அதுவும் சரிதான், 800 என்றாலும் சரிதான். எந்த விடை செல்லும் என்பது விதி எழுதுகிறவர் கையில் இருக்கிறது. பலர் சேர்ந்து ஆடும் உத்தி விளையாட்டில் இந்தக் கணக்கு போர்க்களத்தோடு நிற்காது. யார் யாரோடு கூட்டுச் சேர்வார்கள், எவர் முதலில் கைவைக்கத் துணிவார், புதிதாக வந்தவர் ஒரு மாதமாவது தாக்குப்பிடிப்பாரா என்பதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கணினியை எதிர்த்துத் தனியாக ஆடும் கேமில் போர் விதி கொஞ்சம் கோணலாக இருந்தால் குடி முழுகிவிடாது. கணினிக்கு ரோஷம் கிடையாது. தோற்றால் ஆட்டத்தை விட்டுப் போகாது, சூத்திரத்தில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்துக் கூட்டாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் செய்யாது. மனிதர்கள் இவை எல்லாவற்றையும் செய்வார்கள்.

இரண்டு கணக்குகள்

400, 800 என்ற இரண்டு விடைகளையும் சூத்திரமாக எழுதிவைத்தவர் பிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். முதல் உலகப் போர்க் காலத்தில், விமானங்கள் போரை எப்படி மாற்றும் என்று ஆராயும்போது எழுதினார். 1916-ல் அது நூலாகவும் வந்தது.

வாளும் ஈட்டியுமாக நேருக்கு நேர் மோதும்போது ஒருவனை ஒருவன்தான் எதிர்க்க முடியும். முன்வரிசையில் ஒருவன் விழுந்தால் பின்னால் இருப்பவன் அந்த இடத்துக்கு வருவான். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கத்தான் முடியும். இரு பக்கமும் சம அளவில் ஆட்களை இழக்கும், 600 பேரும் 600 பேரை வீழ்த்திவிட்டுச் சாவார்கள், 400 மிஞ்சும். இது நேர்கோட்டு விதி.

எல்லோராலும் எல்லோரையும் சுட முடிந்தால் கதை மாறுகிறது. பெரிய படை அதிக அம்புகளை எய்கிறது. அந்த அம்புகள் குறைவான ஆட்கள் மேல் விழுகின்றன. இந்த இரட்டை லாபத்தால் பலம் எண்ணிக்கையின் வர்க்கமாகிறது. 1000-ன் வர்க்கத்திலிருந்து 600-ன் வர்க்கத்தைக் கழித்தால் 6,40,000. அதன் வர்க்கமூலம் 800. இது வர்க்க விதி.

இதோடு நிற்காமல் அடுத்த நாளையும் பார்க்க வேண்டும். ஆயிரம் பேர் வைத்திருப்பவருக்கு அண்டையில் இரண்டு பேர், ஆளுக்கு 600 வீரர்களோடு இருக்கிறார்கள். வர்க்க விதிப்படி முதல் அண்டைக்காரரை அடித்தபின் 800 மிச்சம். இரண்டாமவரையும் அடித்தபின் சுமார் 529. மொத்தம் 1200 பேரை 1000 பேர் தீர்த்துக்கட்டிவிட்டு, பாதிக்கு மேல் உயிரோடு வீடு திரும்புகிறார்கள். நேர்கோட்டு விதியில் அதே ஆள் முதல் வெற்றிக்குப் பிறகு 400 பேரோடு நிற்பார்; அடுத்தவர் 600 பேரோடு வந்து அவர் கதையை முடித்துவிடுவார்.

ஆக, வர்க்க விதி போட்டால் முந்திக்கொண்டவர் உலகத்தை விழுங்குவார். ஆட்டம் தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிடும், மற்றவர்கள் லாக்-இன் செய்வதை நிறுத்திவிடுவார்கள். நேர்கோட்டு விதி போட்டால் யாரும் யாரையும் தொடமாட்டார்கள். இரண்டு பேர் அடித்துக்கொண்டால் லாபம் மூன்றாமவருக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கோட்டைக்குள் உட்கார்ந்து மதிலை உயர்த்திக்கொண்டே இருப்பார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. முதலாவதில் ஆட்டம் சீக்கிரம் முடிகிறது, அவ்வளவுதான். இரண்டாவதில் தொடங்குவதே இல்லை.

உலாவியில் ஆடும் பல போர் விளையாட்டுகள் இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கின்றன. தோற்றவர் பலத்தை வென்றவர் பலத்தால் வகுத்து, வரும் பின்னத்தை ஓர் அடுக்குக்கு உயர்த்தினால் வென்றவரின் இழப்பு விகிதம் கிடைக்கும். அடுக்கு 1 என்றால் அது நேர்கோட்டு விதியேதான். 1.5 என்று வைத்தால், நம் கணக்கில் 0.6 என்பது சுமார் 0.465 ஆகிறது; வென்றவர் 465 பேரை இழந்து 535 பேரோடு நிற்பார். அண்டையில் இருக்கும் 600-ஐ அவர் தொட முடியாது, ஆனால் அந்த 600 அவர்மேல் பாய்ந்தாலும் அதற்குப் பெருத்த சேதம் உண்டு. ஆகவே இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசும். அடுக்கை 2 ஆக்கினால் 640 மிஞ்சும். மயிரிழையில் இரண்டாமவரையும் வென்றுவிடலாம். 1.5-க்கும் 2-க்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பதைப் படைகளின் பெயர், படங்கள், கதை எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்மானிப்பது நல்லது.

பிரிந்து வருவதும் சேர்ந்து வருவதும்

வர்க்க விதிக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அந்த 600 பேர் ஒன்றாக வராமல் 300, 300 என்று இரண்டு தவணையாக வந்தால்? முதல் தவணைக்குப் பின் 954, இரண்டாவதற்குப் பின் சுமார் 905. சேர்ந்து வந்தபோது 200 பேரைக் கொன்றவர்கள், பிரிந்து வந்து 95 பேரைத்தான் கொல்கிறார்கள். நேர்கோட்டு விதியில் எப்படி வந்தாலும் 600-க்கு 600.

அதனால் வர்க்க விதியின் சாயல் உள்ள எந்த ஆட்டத்திலும் கூட்டணிகள் ஒரே நொடியில் போய்ச் சேரத் துடிக்கும். ஐந்து பேர் ஐந்து ஊர்களிலிருந்து படை அனுப்பி, எல்லாம் ஒரே நேரத்தில் மதிலடியில் சேரும்படி கணக்குப் போடுவார்கள். இதை ரசிப்பவர்கள் உண்டு. ஆனால் நொடிக் கணக்கு முக்கியமானால் வெல்வது தளபதி அல்ல, நல்ல இணைய இணைப்பும் தானாகப் படை அனுப்பும் ஸ்கிரிப்டும்தான். அதைவிட மோசம், எதிராளி தூங்கும் நேரத்தைப் பார்த்து அடிப்பது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் ஆடும்போது யாருக்காவது எப்போதும் நள்ளிரவுதான்.

இதற்கு நல்ல மருந்து, சண்டையை இழுத்தடிப்பது. சர்வர் மணிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கட்டும். ஒரு மோதல் ஆறு, ஏழு சுற்று ஓடட்டும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதம். காலையில் எழுந்தவர் பாதி நடந்த சண்டையைப் பார்த்துப் பின்வாங்கலாம், உதவிப்படை அனுப்பலாம், கூட்டாளியைக் கூப்பிடலாம். தாமதமாக வரும் உதவியின் மதிப்பு வர்க்கக் கணக்கினால் தானாகவே குறையும், அதற்குத் தனி விதி வேண்டாம்.

ஒரே சுற்றில் ஒரே ஊருக்கு, ஒருவருக்கொருவர் பகையான இரண்டு படைகள் வந்து சேர்ந்தால் என்ன செய்வது? அநேகமாக எல்லா ஆட்டங்களிலும் இது முதல் மாதத்திலேயே நடக்கும், விதி எழுதியவர் அதை யோசித்திருக்க மாட்டார். டேட்டாபேஸில் எந்தப் படையின் எண் முதலில் வருகிறதோ அது முதலில் சண்டையிடும் என்று விட்டுவிட்டால் அதையும் யாராவது மோப்பம் பிடிப்பார்கள். ஒவ்வொரு படையும் தன் அடியை எதிரிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கிட்டுக் கொடுக்கிறது, இழப்புகள் எல்லாம் கடைசியில் ஒரே சமயத்தில் கழிக்கப்படுகின்றன என்பதுதான் பாதுகாப்பான விதி. 1959-ல் வெளிவந்த டிப்ளமசி என்ற பலகை விளையாட்டு இதில் முன்னோடி. அதில் பகடையே இல்லை. எல்லோரும் ஆணைகளை எழுதிவைத்து ஒன்றாகத் திறப்பார்கள். சம பலம் மோதினால் இருவரும் இருந்த இடத்திலேயே நிற்பார்கள். கூட்டாளி கொடுக்கும் ஆதரவுதான் வெற்றியைத் தீர்மானிக்கும் என்பதால் ஆட்டம் முழுக்கப் பேச்சும் துரோகமுமாகவே ஓடும்.

தரைக்கு ஓர் எண்

"மலைப்பகுதியில் தற்காப்புக்கு 20 சதவீதம் கூடுதல்" என்று எழுதுவது சுலபம். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதில் ஒரு கோளாறு: அந்த 20 சதவீதம் சிறியவருக்கும் பெரியவருக்கும் ஒரே மாதிரி உதவுகிறது. நிஜத்தில் குறுகலான இடம் சிறிய படைக்குத்தான் தோழன்.

1415 அக்டோபர் 25-ல் பிரான்சின் அஜின்கோர்ட்டில், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போரில் நடந்தது அதுதான். இரு பக்கமும் காடு, நடுவே உழுது மழையில் ஊறிய வயல். எண்ணிக்கையில் கூடுதலாக இருந்த பிரெஞ்சுப் படை சேற்றில் நெருக்கியடித்துக்கொண்டு முன்னேறியது. பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களைத் தள்ளினார்களே தவிரச் சண்டையிட முடியவில்லை. அவர்களின் எண்ணிக்கையே அவர்களுக்குப் பாரமாயிற்று.

இதை விதியாக்க ஒரே எண் போதும்: களத்தின் அகலம். திறந்த வெளிக்கு அகலம் 1000 என்றால் ஆயிரம் பேரும் ஒரே சமயத்தில் அடிக்கலாம். வர்க்க விதி ஓடும். கணவாய்க்கு 200 என்றால் இரு பக்கமும் 200 பேர்தான் மோதுவார்கள், மற்றவர்கள் பின்னால் காத்திருப்பார்கள். கணக்கு தானாகவே நேர்கோட்டுக்கு மாறிவிடும். மதிலில் உடைத்த துளைக்கு 20. தனித்தனியாகச் சதவீதப் பட்டியல் தேவையில்லை. பெரிய படைக்காரர் திறந்த வெளியைத் தேடுவார், சிறியவர் கணவாய்க்கு இழுப்பார். வரைபடத்துக்கே உயிர் வந்துவிடும்.

ஈட்டி, குதிரை, வில்

ஈட்டி குதிரையை வெல்லும், குதிரை வில்லாளியை வெல்லும், வில்லாளி ஈட்டிக்காரனை வெல்வான் என்ற சுழற்சி பல இடைக்கால விளையாட்டுகளில் உண்டு. வரலாற்றில் அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1298-ல் ஃபால்கிர்க்கில் ஸ்காட்லாந்தின் வில்லியம் வாலஸ் தன் ஈட்டிக்காரர்களை நெருக்கமான வட்டங்களாக நிறுத்தினார். ஆங்கிலேயக் குதிரைப்படையால் அந்த முள்வேலிக்குள் புக முடியவில்லை. ஆனால் குதிரைகள் முதலில் ஸ்காட்லாந்தின் வில்லாளிகளை மிதித்துக் கலைத்துவிட்டன. ஸ்காட்லாந்துக் குதிரைப்படையோ ஓடிவிட்டது. அப்புறம் ஆங்கிலேய மன்னர் எட்வர்டின் வில்லாளிகள் தூரத்தில் நின்று நிதானமாக அம்பெய்தார்கள். அசைய முடியாமல் நின்ற வட்டங்களில் ஓட்டை விழுந்தது. குதிரைகள் உள்ளே புகுந்தன.

பதினாறு ஆண்டு கழித்து பேனாக்பர்னில் அதே இரு நாடுகள், ஏறக்குறைய அதே ஆயுதங்கள். இம்முறை ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் ஒரு சிறிய குதிரைப்படையை ஒதுக்கிவைத்திருந்தார். ஆங்கிலேய வில்லாளிகள் பக்கவாட்டில் அணிவகுக்கத் தொடங்கியதும் அது பாய்ந்து அவர்களைச் சிதறடித்தது. ஈட்டிக்காரர்கள் வென்றார்கள்.

இரண்டு போர்களிலும் ஈட்டியின் பலம் ஒன்றேதான். யார் யாருக்குக் காவல் நின்றார்கள், எந்தக் கட்டத்தில் யார் எட்டும் தூரத்தில் இருந்தார்கள் என்பதுதான் மாறியது. "குதிரைக்கு எதிரே ஈட்டிக்கு ஒன்றரை மடங்கு" என்ற பெருக்கல் வாய்பாட்டால் இதைக் காட்ட முடியாது. வாய்பாடு மட்டும் இருந்தால், இத்தனை ஈட்டி, இத்தனை வில், இத்தனை குதிரை என்று ஒரு சிறந்த கலவையை யாராவது ஸ்பிரெட்ஷீட்டில் கண்டுபிடிப்பார். மறுவாரம் எல்லோர் படையும் ஒரே அச்சில் இருக்கும்.

மோதலை மூன்று கட்டமாகப் பிரித்தால் இந்த நோய் பெருமளவு தீரும். முதலில் அம்பு, பிறகு கைகலப்பு, கடைசியில் துரத்தல். முதல் கட்டத்தில் ஈட்டிக்காரர் வெறுமனே அடி வாங்குவார். ஆனால் குதிரைப்படையை வில்லாளிமேல் ஏவும் ஆணை கொடுத்திருந்தால் அந்தக் கட்டமே சுருங்கிவிடும். துரத்தலில் கனத்த கவசக்காரர் பயன்பட மாட்டார், இலகுக் குதிரை வேண்டும். ஆட்டக்காரர் சண்டைக்கு முன்பே ஓர் ஆணையை எழுதிவைக்க வேண்டியிருப்பதால் எதிராளியை ஊகிக்கும் வேலை வருகிறது. நம் புறத்திணைகள் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை என்று கொள்ளை, படையெடுப்பு, முற்றுகை, களப்போர் எனத் தனித்தனியாகவே பாடின. கேம் வடிவமைப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே 'தாக்கு' பொத்தானுக்குள் அடைத்துவிடுகிறார்கள்.

எவ்வளவு பகடை

ரிஸ்க் பலகை விளையாட்டில் தாக்குபவர் மூன்று பகடை, தற்காப்பவர் இரண்டு பகடை உருட்டுவார், சமமானால் தற்காப்பவருக்கு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு மாலையில் ஆடி முடிக்கும்போது அதில் ஒரு துடிப்பு இருக்கிறது. மூன்று வாரம் சேர்த்த படையை ஒரே உருட்டலில் இழந்தால் அந்தத் துடிப்பு வசவாகிவிடும்.

மறுபக்கம், பகடையே வேண்டாம் என்றால் சண்டைக்கு முன்பே முடிவைக் கணக்கிட்டுவிடலாம். தோல்வி உறுதி என்று தெரிந்தவர் சண்டைக்கு வரவே மாட்டார். வீரன் ஒவ்வொருவருக்கும் தனிப் பகடை உருட்டினால் யதார்த்தமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஆயிரம் பேருக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று உருட்டினால் விடை 500-க்குப் பதினாறு, முப்பது முன்பின்னாகத்தான் வரும். அதிர்ஷ்டம் கரைந்து போய்விடும், சர்வருக்கு மட்டும் வேலை கூடும். படை முழுமைக்கும் ஒரே பகடை என்பது இன்னொரு கோடி. சுற்றுக்கு ஒருமுறை, பிரிவுக்கு ஒரு பகடை என்பது பொருத்தமாக இருக்கும். ஆறு சுற்றில் அதிர்ஷ்டம் ஓரளவு சமன்படும். ஆனால் மூன்றாவது சுற்றில் இடப்பக்கம் நிலைகுலைந்தது என்று சொல்லிக்கொள்ள ஒரு கதையும் மிஞ்சும்.

ஓடுபவர்களும் பிடிபட்டவர்களும்

கடைசி ஆள்வரை நின்று சாகும் படை வரலாற்றில் அரிது. வரிசை குலைந்ததும் ஓட்டம் பிடிப்பார்கள். சாவு பெரும்பாலும் அந்த ஓட்டத்தில்தான். ஆகவே மனஉறுதிக்கு ஓர் அளவுகோல் வேண்டும். பிரிவில் நான்கில் ஒரு பங்கு விழுந்தாலோ தலைவன் வீழ்ந்தாலோ பக்கத்துப் பிரிவு ஓடினாலோ சோதனை, தேறாவிட்டால் ஓட்டம். ஓடியவர்களில் துரத்தலுக்குத் தப்பியவர்கள் சில நாளில் ஊர் திரும்புவார்கள். இந்த விதியால் யதார்த்தம் கூடுவது ஒருபுறம் இருக்கட்டும், தோற்றவர் மறுநாளும் ஆட வருவார் என்பதே பெரிய விஷயம்.

பிடிபட்டவர்களைப் பற்றிப் பல கேம்கள் யோசிப்பதே இல்லை. 1356-ல் புவாத்தியே போரில் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜான் ஆங்கிலேயரிடம் சிக்கினார். 1360-ல் பிரெத்தினி உடன்படிக்கையில் அவருக்கு விதிக்கப்பட்ட மீட்புத் தொகை, எக்யூ என்ற பிரெஞ்சுத் தங்க நாணயத்தில் 30 லட்சம். பிடிபட்ட பிரபுக்களைக் கொல்லாமல் பணத்துக்கு விடும் வழக்கம் அன்று ஒரு தொழிலாகவே இருந்தது. ஆட்டத்தில் இதைச் சேர்த்தால் தோற்றவரும் வென்றவரும் சண்டைக்குப் பிறகும் பேசியாக வேண்டும்: எவ்வளவு தருவாய், பணமாகவா தானியமாகவா, இரண்டு மாதம் தாக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுப்பாயா? ஒரு சிறிய விதி, அதிலிருந்து கிளம்பும் அரசியல் ஏராளம்.

பசி

வர்க்க விதி பெரும்படைக்குக் கொடுக்கும் சலுகையைத் திரும்பப் பிடுங்க வேண்டியது வயிறு. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்குத் தானியமும் வைக்கோலுமாகப் பத்துக் கிலோ என்று வைத்தாலும் ஆயிரம் குதிரைக்குப் பத்து டன். ஒரே இடத்தில் நின்றால் சுற்றுவட்டாரம் சில நாளில் மொட்டையாகிவிடும். வரைபடத்தின் ஒவ்வொரு கட்டமும் இத்தனை வாயைத்தான் தாங்கும் என்று எல்லை வைத்து, மீறினால் நாளுக்கு நாள் ஆட்கள் குறைவார்கள் என்று எழுதினால், படைகள் பிரிந்து நடந்து, சண்டை நாளில் மட்டும் ஒன்றுசேரும். அதைச் சரியாகச் செய்வதுதான் திறமை.

மேற்கு ஐரோப்பாவில் நிலம் பெற்ற வீரன் தன் பிரபுவுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 40 நாள் இலவசமாகப் போரிட வேண்டும், அதற்குமேல் கூலி. இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மறுபக்கம் நார்மண்டியில் ஷாட்டோ கையார் கோட்டையைப் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் 1203 செப்டம்பரில் வளைத்து 1204 மார்ச்சில்தான் பிடித்தார். நாற்பது நாள் படைக்கும் ஆறு மாதக் கோட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியில், கையில் பணம் இல்லாதவர் முற்றுகை போட முடியாது. சிறிய ஆட்டக்காரரைக் காப்பாற்ற "இவரைத் தாக்கக் கூடாது" என்ற செயற்கைக் கவசத்தைவிட இது எவ்வளவோ மேல்.

ஓட்டைகள்

இவ்வளவும் எழுதியபின் ஆட்டக்காரர்கள் கைவைப்பது யாரும் பார்க்காத மூலையில்தான். ஓர் உதாரணம், பின்னம். இழப்பு 0.4 ஆள் என்று வந்தால் பூஜ்யமாக வெட்டிவிடு என்று நிரலில் ஒரு வரி இருக்கும். அது தெரிந்தவர் தன் ஆயிரம் பேரை ஆயிரம் ஒற்றை ஆள் படைகளாகப் பிரிப்பார். ஒவ்வொன்றுக்கும் இழப்பு 0.4; ஒவ்வொன்றும் பூஜ்யம். சாகாவரம் பெற்ற படை தயார். 0.4 என்றால் நூற்றில் நாற்பது வாய்ப்பில் ஒருவன் சாவான் என்று மாற்றினால் தீர்ந்தது. அதே ஒற்றை ஆள் படைகளை ஐம்பது திசையில் அனுப்பி, எது நிஜமான தாக்குதல் என்று எதிராளி தெரியாமல் திண்டாடச் செய்வது அடுத்த வித்தை. இதைத் தடை செய்யாமல், காவல் கோபுரம் கட்டியவருக்கு வரும் படையின் அளவு தெரியும் என்று வைப்பது எனக்குப் பிடித்த தீர்வு. கூட்டுத் தாக்குதலில் ஓர் ஆளை அனுப்பிவிட்டுக் கொள்ளையில் சம பங்கு கேட்பவரும் கட்டாயம் வருவார். பங்கை இழப்புக்கு ஏற்பக் கொடுத்தால் அவர் வாலைச் சுருட்டிக்கொள்வார்.

சோதிக்கும்போது பத்தாயிரம் சண்டைகளைக் கணினியிலேயே ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை. சூத்திரப் பிழைகள் அதில் சிக்கும். சதி சிக்காது. அதற்கு இருபது முப்பது பேரைச் சேர்த்து, மணிக்கு ஒன்றாக ஓட வேண்டிய சுற்றை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக ஓடவிட்டு, ஒரு முழுப் பருவத்தையும் சில நாளில் ஆடச் சொல்ல வேண்டும். வென்றவருக்குத் தரும் பரிசைவிட விதியை உடைத்துக் காட்டுபவருக்குப் பெரிய பரிசு வைக்கலாம். அப்போது போர் அறிக்கையும் விரிவாக இருப்பது அவசியம்: எந்தச் சுற்றில் எத்தனை பேர், களத்தின் அகலம் எவ்வளவு, பகடை என்ன விழுந்தது, எந்தப் பிரிவு ஏன் ஓடியது. 'நீங்கள் தோற்றீர்கள், இழப்பு 812' என்று ஒற்றை வரி மட்டும் வந்தால், கணக்கு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் தோற்றவர் சர்வர் ஏமாற்றிவிட்டது என்றுதான் சொல்வார்.